ஏற்காட்டுப் பனிமூட்டமும் சாம்பல் படமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிதாகப் போட்டோ எடுக்க வருகிறவர்கள் என்ன கேமரா வாங்கலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். மெகாபிக்சல் எத்தனை, விலை எவ்வளவு, கூடவே எந்த லென்ஸ் என்றெல்லாம் இருந்தது, ஆனால் வாங்கின கேமராவில் எதைத் திருப்ப வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. நான் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைப்பவன். தொழில் கற்றுக்கொள்ள வருகிற பையன்களில் பாதிப்பேர் இந்த மாதிரிப் பக்கங்களைப் படித்துவிட்டு, முதல் லென்ஸே பழகாமல் ரெண்டாவது லென்ஸுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு தம்பி ஏற்காட்டில் எடுத்த படங்களைக் கொண்டுவந்தான். அங்கே லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் நல்ல பனிமூட்டமாம், கண்ணுக்குப் பால் மாதிரி வெள்ளையாகத் தெரிந்ததாம், படத்தில் பழைய அலுமினியச் சட்டி நிறத்தில் இருந்தது. "லென்ஸ் சரியில்லைண்ணே, மாத்தணும்" என்றான். லென்ஸில் ஒன்றும் இல்லை. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர், எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். படம் முழுக்கப் பனி நிறைந்திருந்தால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று நினைத்துக் குறைத்துவிடும். கூட்டல், கழித்தல் குறி சேர்ந்தாற்போல் இருக்கிற பட்டனைத் தேடி +1 வைத்தால் பனி வெள்ளையாகிவிடும், செல்போன் என்றால் திரையைத் தொட்டதும் வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுத்தால் சரி. நம்ம சேலத்து வெண்பட்டு வேட்டி கட்டின மாப்பிள்ளையைக் கிட்டத்தில் எடுத்தாலும் இதே கதைதான், நாலு நாள் கட்டின வேட்டி மாதிரி வரும், அப்புறம் பெண் வீட்டாரிடம் பேச்சு வாங்க வேண்டும். பனியில் பிளாஷ் மட்டும் போடாதீர்கள், முன்னால் மிதக்கிற நீர்த்துளி எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும்.

அடுத்து எஸ்டேட். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிக்கு நடுவே தங்கச்சியை நிறுத்தி எடுத்திருக்கிறான், முகம் ஆடிப்போயிருந்தது. ஐ.எஸ்.ஓ., அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு, 200; ஷட்டர், அதாவது வெளிச்சம் உள்ளே விழுகிற நேரம், 1/15 நொடி. அந்த நேரத்துக்குள் ஆள் லேசாக அசைவாள், நம் கையும் ஆடும். ஐ.எஸ்.ஓ.வை 200லிருந்து 400, 800, 1600 என்று மூன்று படி ஏற்றினால் ஷட்டரை 1/125க்குக் கொண்டுபோகலாம், வெளிச்சம் அதே அளவுதான் இருக்கும். கொஞ்சம் மணல் தூவின மாதிரிப் புள்ளி தட்டும், தட்டட்டும். ஆடின முகத்தை எந்தக் கம்ப்யூட்டரில் போட்டும் சரியாக நிறுத்த முடியாது.

லென்ஸ் மாற்றவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கேமராவோடு வருகிற, 18லிருந்து 55 மி.மீ. வரை இழுக்கிற 18-55 லென்ஸை 55க்கு இழுத்தால் வெளிச்சம் நுழைகிற துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (இந்த எஃப் எண் குறையக் குறைய துவாரம் பெரிது). எஃப் 1.8 திறக்கிற 50 மி.மீ. லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் விடும், பின்னணியும் அழகாகக் கலங்கும். இதைக் கேட்டுத்தான் நானும் ஆரம்பத்தில் ஏமாந்தேன். கடைக்காரர் சொன்னாரென்று ஒரு 50ஐ வாங்கிக்கொண்டு அம்மாபேட்டையில் சித்தப்பா வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்குப் போனேன். சென்சார், அதாவது உள்ளே படம் பதிகிற தகடு, சின்னதாக இருக்கிற கேமராவில் 50 என்பது 75, 80 மாதிரி நெருக்கிக் காட்டும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முன்கட்டில் பதினாறு பேர் நிற்கிறார்கள், நான் பின்னால் போகப் போக முதுகு தறியில் இடித்துவிட்டது, அதற்கு மேல் இடமில்லை. படத்தில் பெரியப்பா பாதி ஆளாக இருக்கிறார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "மீதிப் பெரியப்பாவை எப்படா எடுப்ப?" என்பார்.

அதனால் பையன்களிடம் நான் சொல்வது இதுதான்: கையில் இருக்கிற 18-55ஐ 50இல் நிறுத்தி, வளையத்தில் ஒரு டேப் ஒட்டி ஒரு வாரம் அப்படியே எடுத்துப் பார். மூச்சு முட்டினால் உனக்கு 50 வேண்டாம். அப்படியும் ஆசை விடவில்லை என்றால் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் காசைப் போடு.

விலைப் பட்டியல் போடுகிற இடத்தில் வாரம் அரைப் பத்தி இந்த மாதிரி விஷயத்துக்கு ஒதுக்கினால் நல்லது. எழுத ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், ஆடி மாதம் முழுக்க நான் சும்மாதான் இருப்பேன்.

– வாசகர், சேலம்