வாடாத தக்காளி எது? எங்கள் மண்ணில் சோதித்துச் சொல்லுங்கள்

காய்கறிப் பயிர்களுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ்த் தென் மாநிலங்களில் தக்காளி ரகங்களைச் சோதிக்கும் விஞ்ஞானிகளுக்கு,

வணக்கம். பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரத்து விவசாயிகளுக்குக் குழித்தட்டில் தக்காளி நாற்று வளர்த்துக் கொடுப்பது என் தொழில். நாற்று கேட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் காய் கெட்டியா, கோயம்பேடு வரை லாரியில் தாங்குமா என்றுதான் விசாரிப்பார்கள். இப்போது முதலில் கேட்பது, "வாடாதுல்ல?" என்பதுதான். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. விதைப் பாக்கெட்டில் "பாக்டீரியா வாடல் நோய் எதிர்ப்பு" என்று போட்டிருக்கும். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் லேபிளில் கேட்பது முளைப்புத்திறனையும் தூய்மையையும்தான். எதிர்ப்பு என்று எழுதியதற்கு எவரும் ஆதாரம் கேட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் வெளியிடும் ரகங்களுக்கு ஆதாரம் இருக்கிறது, தெரியும். ஆனால் அது எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விவசாயிகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா மண்ணிலிருந்து வேர்க்காயம் வழியாக உள்ளே போகிறது. களைவெட்டில் பட்ட காயம், நூற்புழு துளைத்த காயம், பக்கவேர் கிளைக்கும் இடத்தில் தானாக விழும் வெடிப்பு, எதுவானாலும் அதற்குப் போதும். நீர் ஏறும் குழாய்களுக்குள் பெருகிப் பிசின் போன்ற ஒன்றைச் சுரந்து அடைத்துவிடுகிறது. அதனால்தான் இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே செடி தொங்கிப்போகிறது. வாடிய தண்டைக் குறுக்கே வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் சில நிமிடங்களில் வெள்ளை நூல் போல இறங்கும். இறங்கினால் இந்தக் கிருமிதான். பூஞ்சாண வாடலில் அப்படி வராது. கடையில் கொடுக்கும் எந்த மருந்தை வேரில் ஊற்றினாலும் வாடிய செடி எழுந்திருக்காது. 1896-இல் எர்வின் ஸ்மித் இதை விவரித்தபோது பேசில்லஸ் என்று பெயர். பிறகு சூடோமோனாஸ், பர்கோல்டேரியா என்று போய் இப்போது ரால்ஸ்டோனியா. பெயர் மாற்றியதில் காட்டிய வேகத்தை மருந்தில் காட்டியிருந்தால் தேவலை.

மருந்து இல்லாத நோய்க்கு ரகமே மருந்து. ஆகவே சோதனை எப்படி நடந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

முதலில் இடம். உங்கள் திட்டத்தில் கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்றும் ஒரே மண்டலம். கேரளத்து வெள்ளானிக்கரையின் புளிப்பேறிய செம்புறை மண்ணும் அடைமழையும் வேறு. எங்கள் செம்மண்ணும் சொட்டுநீரும் வேறு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா அந்த மண்ணில் தேறி வந்தவை. அங்கே வாடல் எவ்வளவு கொடியது என்று பார்த்தவர்கள் அவற்றைக் குறைத்துப் பேச மாட்டார்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஆபா, அர்கா ஆலோக், பிறகு வந்த அர்கா ரக்ஷக் ஆகியவையும் அப்படியே. ஆனால் ஓரிடத்தில் நின்ற ரகம் இன்னோரிடத்தில் நிற்கும் என்று கிருமி ஒப்புக்கொள்வதில்லை. உலகம் முழுக்க எதிர்ப்புக்கு உரைகல்லாக வைத்திருக்கும் ஹவாய் 7996 என்ற தக்காளி வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் வயலில் நட்டுப் பார்த்ததில் அதுதான் மற்றவற்றைவிட நிலையாக நின்றது. அதையும் சாய்க்கும் கிருமி வகைகள் உண்டு. அதன் எதிர்ப்பு ஒரே மரபணுவில் இல்லை. 12-ஆம், 6-ஆம் குரோமோசோம்களில் இரண்டு பெரிய பங்குகள், அவற்றோடு சில்லறையாகச் சில. கலப்பில் எந்தப் பங்கு வந்தது, எது விட்டுப்போயிற்று என்பதைப் பொறுத்து ஒரு ரகம் எந்தக் கிருமிக்கு நிற்கும் என்பது மாறும். அதனால் "எதிர்ப்பு" என்று எழுதும் வரியிலேயே எந்த ஊர் மண்ணில், எந்த ஊர் கிருமியிடம் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்து வெயில். பசுங்குடிலில் இளம் நாற்றின் வேரில் கிருமிக் கரைசலை ஊற்றி மூன்று நான்கு வாரம் எண்ணிப் பார்ப்பது வடிகட்டுவதற்கு நல்ல முறைதான். எங்கள் செடி வாடுவது நாற்றுப் பருவத்தில் அல்ல. மாசியில் நட்டது சித்திரை வெயிலில், முதல் பறிப்புக்குக் காய் திரண்டு நிற்கும்போது விழுகிறது. குச்சி நட்டு, கயிறு கட்டி, உரத்துக்கும் கூலிக்கும் கொடுத்த பிறகு. மண் சூடேற ஏறக் கிருமிக்குக் கொண்டாட்டம், எதிர்ப்புக்குச் சோதனை. நூற்புழுவைத் தடுக்கும் எம்ஐ மரபணுவும் மண் 28 டிகிரியைத் தாண்டினால் கைவிட்டுவிடும் என்பது நீங்களே எழுதியதுதான். புழு துளைத்த வழியில் கிருமி நுழையும்போது ஆய்வகத்தில் தேறிய ரகம் என்ன ஆகிறது? கடைசிப் பறிப்பு வரை எண்ணிய கணக்கு வேண்டும். வாடிய செடியைப் பிடுங்கி வேரில் நூற்புழு முடிச்சு இருந்ததா என்றும் பார்த்து எழுத வேண்டும்.

நோய் விழுந்த நிலத்தில் சோதித்தாலும் ஒரு சிக்கல் உண்டு. கிருமி கொல்லை முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. தண்ணீர் தேங்கும் மூலையில் பத்துக்கு ஒன்பது விழும், மேட்டில் ஒன்றும் விழாது. மேட்டில் நின்ற ரகத்துக்கு எதிர்ப்புச் சான்று கொடுத்துவிடக் கூடாது. சோதிக்கும் வரிசைகளுக்கு இடையிடையே எளிதில் வாடும் ரகத்தை நட்டு, அது எங்கெங்கே விழுந்தது என்பதையும் சேர்த்து வெளியிட்டால்தான் மற்ற எண்களை நம்ப முடியும். ஆராய்ச்சி நிலையங்களில் இதைச் செய்கிறீர்கள். எங்கள் பக்கம் வரும் செயல்விளக்கத் திடல்களில் நான் கண்டதில்லை. அங்கே புது ரகம் மட்டும் நிற்கும், பக்கத்தில் ஒரு பலகை நிற்கும்.

நாற்றுக்காரனாக எனக்குத் தூக்கம் கெடுப்பது இனிச் சொல்வதுதான். எதிர்ப்புள்ள ரகம் கிருமியை எப்போதும் வெளியே நிறுத்துவதில்லை. உள்ளே விட்டு, அது பெருகி மேலேறாமல் பிடித்துவைத்துக்கொண்டு, பார்வைக்கு நலமாக நிற்கும் செடிகளும் உண்டு. வாடிய செடிகளை மட்டும் எண்ணினால் இது கணக்கில் வராது. அப்படி ஒரு ரகம் கிருமியோடு என் தட்டில் நலமாக வளர்ந்து, நான் நல்ல நாற்று என்று ஏற்றி அனுப்பி, இதுவரை வாடல் தெரியாத ஒரு கொல்லையில் போய் இறங்கினால்? அடுத்த போகம் அங்கே கத்தரியோ மிளகாயோ நட்டால் அதையும் பிடிக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட செடியினங்களைத் தாக்கும் கிருமி இது. நிற்கும் செடிகளிலும் சிலவற்றின் தண்டை வெட்டிக் கிருமி இருக்கிறதா என்று சோதித்து, எவ்வளவு உயரம் வரை ஏறியிருந்தது என்பதையும் முடிவில் சேருங்கள். "வாடாது" என்பதும் "கிருமி தங்காது" என்பதும் எங்களுக்கு இரண்டு வேறு தகவல்கள். நாற்றுப்பண்ணைக்கு இரண்டாவதுதான் பெரிது.

காயைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எதிர்ப்பு வரிசைகளில் காய் சிறுத்துப்போவது உங்களுக்கு நெடுநாள் தலைவலி. மண்டியில் சிறுகாய்க்குக் கிரேட்டுக்கு என்ன குறைகிறது என்பது எங்கள் தலைவலி. சராசரிக் காய் எடையையும் அதே அட்டவணையில் போட்டுவிட்டால் விவசாயி தானே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

காய் சரிப்படாத இடத்தில் வேரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வியட்நாமின் லாம் டோங் பகுதியில் ஹவாய் 7996 வேரின் மேல் சந்தை ரகத்தை ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் கத்தரி வேரில் தக்காளியை ஒட்டச் சொல்லி வெகுநாளாகப் பரிந்துரைக்கிறது. இங்கே சுண்டைக்காய் வேரில் கத்தரி ஒட்டுவது பழகிவிட்டது. தக்காளிக்கு எந்த வேர் எங்கள் கிருமியிடம் நிற்கும் என்று சோதித்த பட்டியல்தான் இல்லை. ஒட்டு நாற்றின் விலை கூடுதல். சோதிக்காத வேரை விற்று அந்தப் பணத்தை வாங்க எனக்கு மனம் வரவில்லை. ரகச் சோதனையோடு வேர்ச்செடிகளையும் ஒரு வரிசை சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கு அலைய வேண்டாம். வாடல் விழுந்து தக்காளியை விட்டுவிட்டுச் சோளம் போட்டிருக்கும் விவசாயிகள் சிலரிடம் பேசிவிட்டேன். வரும் மாசிப் பட்டத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் இடம் தரச் சம்மதித்திருக்கிறார்கள். விதையை நீங்கள் தந்தால் நாற்றை நான் கட்டணமில்லாமல் வளர்த்துத் தருகிறேன், மற்ற நாற்றுகளோடு சேராமல் தனிக் குடிலில். அவர்கள் வைக்கும் நிபந்தனைகள் இரண்டு. பிடுங்கிய செடிகளை வாய்க்கால் ஓரத்தில் போடாமல் அங்கேயே எரித்துவிட வேண்டும். கீழே இருக்கிற கொல்லைக்கும் அதே தண்ணீர்தான் போகிறது. ரகத்தின் பெயரும் எண்ணிக்கையும் ஆவணிக்குள் தமிழில் ஒரு தாளில் வர வேண்டும், தோற்ற ரகங்களின் பெயரும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு நாற்றுப்பண்ணைக்காரன்