தம்பியின் கையைப் பார்த்து முகம் சுளிக்காதவர்களுக்கு

சுங்கை சிப்புட் மக்களுக்கு வணக்கம்.

லயத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், மறைக்க ஒன்றுமில்லை. என் தம்பி பல வருஷமாகப் போதை ஊசி போட்டவன். போன தீபாவளிக்கு முன் அவன் இடது முழங்கை மடிப்பில் சீழ் வைத்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, காய்ச்சலில் கிடந்தான். ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றான். காசு ஒரு காரணமே இல்லை, அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதானே. முன்பு ஓரிடத்தில் கையைக் காட்டியபோது, "முதல்ல அதை விட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போலீஸ் பயம் வேறு.

எதிர்வீட்டு டிரசர் ஐயாவுக்கு, தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்தவருக்கு, முதல் நன்றி. மஞ்சள் பற்றுப் போட்டுப் பிதுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டவர் அவர். கிருமி ரத்தத்தோடு போய் இதய வால்வில் ஒட்டிக்கொண்டால் ஆளையே கொன்றுவிடும் என்று அவர் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. அப்புறம், ராத்திரி பதினொரு மணிக்கு ஈப்போ வரை வண்டி ஓட்டிய பள்ளி வேன்காரர். சீட்டில் கறை படுமே என்று நான் துண்டை விரிக்க, "விடுங்கக்கா" என்றார். பெட்ரோல் காசும் வாங்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் இரவு வேலையில் இருந்த மலாய்க்கார மிஸி (நர்ஸ்) அவனை 'அடேக்', அதாவது தம்பி, என்றுதான் கூப்பிட்டார். கடைசியாக எப்போது ஊசி போட்டாய் என்பதை, எப்போது சாப்பிட்டாய் என்பதுபோலக் கேட்டார். போதை இல்லாமல் வரும் நடுக்கத்துக்கும் மருந்து கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் விடிவதற்குள் கட்டிலை விட்டு ஓடியிருப்பான், எனக்குத் தெரியும். சீழைக் கீறி எடுத்தார்கள். இதயத்தை ஸ்கேன் செய்தார்கள், நல்லவேளை சுத்தம்.

ரத்தத்தில்தான் கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் சி கிருமி இருந்தது. "நான் யார் ஊசியையும் வாங்கிப் போட்டதில்லையே" என்றான். போதைப்பொருளைக் கரைக்கும் கரண்டி, பஞ்சு, தண்ணீர் இவற்றைப் பகிர்ந்தாலும் தொற்றும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். பன்னிரண்டு வாரம் தினமும் மாத்திரை. காப்புரிமை இருந்த அந்த மருந்தை மலிவாகக் கொண்டுவர 2017இல் நம் மலேசிய அரசாங்கம் வழி செய்ததாம், 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தப் பழைய விலையில் வாங்க வேண்டியிருந்தால் நான் விற்க எதுவும் இல்லை.

இப்போது காலையில் கிளினிக்கில் மருந்தாளர் கண்முன்னே, போதை ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். இந்தச் சிகிச்சை 2005 முதலே நம் நாட்டில் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று கேட்பவர்கள், அவன் சம்பளக் கவரை அம்மாவிடம் கொடுப்பதை ஒருநாள் வந்து பார்க்கட்டும். அவன் கொஞ்சம் தாமதமாக வர அனுமதித்த செம்பனைக் குத்தகைக்காரருக்கும் நன்றி.

கடைசியாக, மோட்டாரில் வந்து புது ஊசிகளைக் கொடுத்துப் பழையதை வாங்கிப்போன அந்தப் பையனுக்கு. ஊசி கொடுத்துக் கெடுக்கிறாயா என்று விளக்குமாற்றோடு உன்னை விரட்டியவள் நான்தான். 2006இலிருந்து நடக்கும் திட்டம் அது என்று அப்போது தெரியாது. தம்பிக்கு எச்ஐவி இல்லை என்று ரிப்போர்ட் வந்தபோது, "புது ஊசி கிடைச்சதால தப்பிச்சான்" என்றார் டாக்டர். உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மன்னித்துக்கொள் தம்பி. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்குள் வா, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ.