எங்கள் மூன்று ஆயர்களுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கும், எங்களுக்காக ஓடிவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் சபைகளை நடத்தும் குருசேகரக் குழுவின் ஸ்தோத்திரம்.

அந்த வார மழையிலும் மண்சரிவிலும் நடந்தது குன்னூர்ச் சரிவில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத இன்னும் கை வரவில்லை. சோறு கொண்டுவந்தவர்கள், மண் அள்ளியவர்கள், தார்ப்பாய் தந்தவர்கள், தீயணைப்புத் துறையினர், மின்வாரிய ஊழியர்கள், பள்ளிவாசலிலிருந்தும் மாரியம்மன் கோயிலிலிருந்தும் வந்த தம்பிமார்கள், அத்தனை பேருக்கும் நன்றி. உங்களில் பலர், "சகதியில நின்ன மூணு பாதிரியாரும் யாரு?" என்று கேட்டீர்கள்.

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆட்களைப் பிரித்து அனுப்பியவர் எங்கள் குருசேகர ஆயர். போன இடமாற்றத்தில்தான் வந்தார். எஸ்டேட் லைன்களில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) உள்ள கிளைச் சபைகளும் அவர் பொறுப்பு. இளையவர் உதவி ஆயர், இன்னும் டீக்கன், அதாவது முழு ஆயர் பட்டத்துக்கு முந்தைய படியில் இருப்பவர். பிரசங்கமும் அடக்க ஆராதனையும் நடத்துவார். தென்னிந்தியத் திருச்சபை முறைப்படி திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) நடத்த பிரஸ்பிட்டராக, அதாவது முழுப் பட்டம் பெற்ற ஆயராக, இருக்க வேண்டும். அந்த ஞாயிறு அவர் போன லைன்களில் திருவிருந்து இல்லாமல் ஜெபம் மட்டும் நடந்தது அதனால்தான். யாரும் குறையாக நினைக்க வேண்டாம்.

மூன்றாமவர் ஓய்வுபெற்ற ஆயர். படுக மொழியிலேயே ஜெபிப்பார் என்பதால் ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) அவரைத்தான் கேட்பார்கள். இந்த மடலில் பாதி அவருக்கு.

வெஸ்ட்ரி (ஆலயத்தில் ஆயர் ஆயத்தமாகும் அறை) அலமாரியின் கீழ்த்தட்டில் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் ஊறிக் கிடந்தன. ஆட்களைப் பார்க்கவே நேரமில்லாதபோது ஏட்டை யார் பார்ப்பார்கள்? அவர் பார்த்தார். ஈரத்தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பிடித்தால் எழுத்தோடு தாளும் போகும் என்றார். வெயிலில் காயவைக்கவோ இஸ்திரிப் பெட்டி வைக்கவோ விடவில்லை. சூடு பட்டால் தாள் நெளிந்து முறுகும், அட்டை பிளந்துகொள்ளும்.

முதலில் மையைப் பார்த்துப் பிரித்தார். பழைய நீலக்கறுப்பு மையில் இரும்பு உப்பு உண்டு, அது தாளைக் கவ்விக்கொள்ளும். பால்பாயின்ட் மை எண்ணெய், தண்ணீருக்கு அவ்வளவாக அசையாது. பின்னாளில் வந்த, கழுவினால் போகும் நீல மைதான் கரைந்தோடும். ஆகவே அந்த ஏடுகளுக்கு முதலிடம். சொட்டச் சொட்ட நனைந்தவற்றைப் படுக்கையாக வைத்தார். நிறுத்தினால் தண்ணீர்ப் பாரத்தில் முதுகுத் தையல் அறுந்துவிடும். தானாகப் பிரிகிற இடங்களில் மட்டும் பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு அச்சிடாத வெள்ளைத்தாளைச் செருகினார். செய்தித்தாள் என்றால் அதன் மை ஒட்டும். நிறையச் செருகினாலும் முதுகு வெடிக்கும். செருகிய தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும், இரவிலும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை அரை ஈரம் வரும்வரை தொடவில்லை. பிறகு மழுங்கச் சீவிய மூங்கில் குச்சியை ஓரத்திலிருந்து மெல்ல நுழைத்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக எடுத்ததை நாங்கள் பார்த்தோம்.

மலையில் இன்னொரு தொல்லை, மூடுபனி. காற்றே ஈரமாக இருந்தால் மின்விசிறி என்ன செய்யும்? அதற்கு அவரே பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பேசி, இலை வாட்டும் கூடத்தில் ஒரு ஓரம் வாங்கினார். மழை நாளில் அங்கே லேசாக வெதுவெதுப்பான காற்றைக் கலந்து விடுவார்கள்; இலை கருகாத பதம் தாளுக்கும் பொருந்தியது. காற்று நேராக அடிக்காமல் பக்கவாட்டில் வைத்தோம். உடனே கவனிக்க முடியாத ஏடுகளைப் பாலித்தீனில் சுற்றி ஐஸ்கிரீம் கடை பாயின் ஃப்ரீசரில் வைத்தோம். உறைந்திருக்கும்வரை பூஞ்சணம் வளராது. அந்தக் குளிரில் ஐஸ்கிரீமும் விற்கவில்லைதான், என்றாலும் பாய்க்கு எங்கள் நன்றி.

வீடு போனவர்களுக்கு ஏடு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பிறப்புச் சான்றே இல்லாத பெரியவர்கள் எத்தனையோ பேருக்கு வயதைச் சொல்ல இருப்பது ஞானஸ்நானப் பதிவு ஒன்றுதான். காகிதமெல்லாம் மண்ணோடு போன குடும்பங்கள் இப்போது அதைத்தான் தேடி வருகின்றன.

இனி எந்தப் பதிவேடும் கீழ்த்தட்டில் இருக்காது. ஒவ்வொரு பக்கமும் படமெடுத்து வேறு ஊரிலும் ஒரு பிரதி வைக்கப்படும். இது குழுவின் தீர்மானம். நகல் வேண்டுவோர் ஆராதனை முடிந்ததும் உதவி ஆயரைப் பாருங்கள். கட்டணம் இல்லை. வருடம் தெரியாவிட்டால் பெற்றோர் பெயரையும், ஞானஸ்நானம் கொடுத்த ஆயர் யாரென்பதையும் சொல்லுங்கள், தேடிவிடலாம்.