மீன் தண்ணீர் கெடுப்பது ரோட்டை மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் தண்ணீரால் ரோடு நாறுகிறது, வளைவுகளில் பைக்குகள் வழுக்குகின்றன என்று நம் குமரி மாவட்டத்தில் பேசாதவர்கள் இல்லை. நியாயமான குறைதான். ஆனால் அந்தத் தண்ணீர் ரோட்டில் விழுவதற்கு முன் எதன் மேல் வழிந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. லோடு ஏற்றும் டெக்கின் இடுக்கு வழியாக இறங்கி, வண்டியின் அடிச்சட்டமான சேஸில் கட்டியிருக்கும் பின்பக்க வயரிங்கை நனைத்து, டெயில் லைட்டின் முதுகில் சொட்டிவிட்டுத்தான் அது ரோட்டுக்கு வருகிறது. ஐஸ் உருகிய தண்ணீர், உப்பு, மீன் ரத்தம் எல்லாம் சேர்ந்த கலவை அது. செம்புக் கம்பியை அரிப்பதற்கு இதைவிட வேறு எதுவும் வேண்டாம்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்துக்கு கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் விசைப்படகுகளை நம்பி ஓடும் குட்டியானைகளும் பிக்கப்புகளும் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பெரும்பாலும் தென்னை மூட்டில்தான் நிற்கும். படகு திரும்பவும் கடலுக்குப் போகும்போது வண்டியையும் எடுப்பார்கள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்காது. தள்ளி ஸ்டார்ட் செய்து லோடு ஏற்றிவிட்டால் அன்றைக்கு ராத்திரியே ரோட்டில் ஓடும், பின்னால் என்ன எரிகிறது என்று யாரும் பார்க்காமலே. அதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி. வண்டி சும்மா நின்றாலும் கடிகாரம், ஸ்டீரியோவின் மெமரி, ஜிபிஎஸ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் எல்லாமாகச் சேர்ந்து கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 60 நாளைக்கு 72. அதுவே ஒரு முழு பேட்டரியைக் காலி செய்துவிடும். அதனால் வண்டியை நிறுத்தும் அன்றே நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். கழற்றாமல் விட்டிருந்தால் வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே காட்டினால் தள்ளி ஸ்டார்ட் செய்து ஓட்டிச் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். சார்ஜரில் மெதுவாக ஏற்றுவதுதான் முறை. வண்டி ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும், பேட்டரி தண்ணீரும் கொதிக்கும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைச் சாம்பலை வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். கரைசல் செல்லுக்குள் போகக் கூடாது, மூடிகள் இறுகி இருக்கட்டும். காய்ந்ததும் டெர்மினலை முறுக்கி, அதன் மேல் வாசலின் தடவினால் போதும்.

பேட்டரி போனால் வண்டி நிற்கும், அதனால் உடனே தெரிந்துவிடும். எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, போனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். கடற்கரை வண்டிகளில் பின்விளக்குக் கோளாறு என்று வருவதில் பெரும்பங்கு இதுதான். டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட் எல்லாவற்றுக்கும் திரும்பிப் போகும் வழி பெரும்பாலும் ஒரே ஒரு கறுப்பு வயர்தான். அதன் முனையில் ஒரு வளையம் இருக்கும், அந்த வளையம் ஒரு போல்ட்டால் பாடியில் பிடித்திருக்கும். வளையத்துக்கும் பாடிக்கும் நடுவில் துரு ஏறினால் கரண்ட் திரும்ப வழி இல்லாமல் பக்கத்து பல்புகளின் இழை வழியாகப் புகுந்து போகப் பார்க்கும். அப்போது வண்டி விநோதமாக நடந்துகொள்ளும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மின்னும். ஹெட்லைட்டைப் போட்ட பிறகு பிரேக் லைட் வரவே வராது. இப்படி ஒன்று தொட்டு ஒன்று எரிந்தால் பல்பை மாற்றுவதும் சுவிட்சை மாற்றுவதும் வீண் செலவு. கறுப்பு வயரைத் தேடிப் போங்கள்.

சோதிப்பது எளிது. விளக்குகளை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை டெயில் லைட் ஹோல்டரின் எர்த்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் நடுவில் எங்கோ அடைப்பு. போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் பாடியில் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் வெள்ளி போல் மின்னும்வரை தேய்க்க வேண்டும். ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ். பெயிண்ட் அடித்துவிட்டு அதன் மேல் வளையத்தை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. வயரை ஓர் அங்குலம் உரித்துப் பார்க்கும்போது உள்ளே பச்சைக் களிம்பு தெரிந்தால் அந்த முனையை மட்டும் வெட்டிச் சேர்த்துப் பயனில்லை. சிவந்த செம்பு தெரியும் இடம்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போய் அங்கிருந்து புது வயர் போட வேண்டும்.

ஒட்டுப் போடும் விதத்திலும் நம் பக்கத்தில் ஒரு சோம்பல் உண்டு. இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவது. வெயிலில் டேப்பின் பசை இளகும், மழையில் அதே டேப் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுவதற்கு ஆகும் செலவு ஒரு சாயா, வடைக்குள் முடிந்துவிடும். வயர்களைச் சேர்க்கும் கப்ளருக்குள் நுழையும் முன் வயரைச் சற்றுத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், கப்ளருக்குள் ஏறாது. டெயில் லைட்டைச் சுற்றி சிலிக்கான் பூசும்போது அடியில் இருக்கும் சின்ன ஓட்டையையும் அடைத்துவிடுகிறார்கள். அது தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்த ஓட்டை. அதே போல, கரண்ட் வருகிறதா என்று பார்க்க ஊசியால் வயரைக் குத்துவதை நிறுத்த வேண்டும். ஊசித்துளை போதும், அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த இடத்தில் களிம்பு பிடித்துவிடும்.

ஃபியூஸ் பற்றி எத்தனை முறை சொன்னாலும் சிகரெட் அட்டை ஜரிகையும் கம்பித் துண்டும் ஃபியூஸ் பெட்டிக்குள் இருக்கத்தான் செய்கின்றன. ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பை இல்லை, வயரை. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு போன இடத்தில் பச்சையை வைத்தால் அடுத்த ஷார்ட்டில் ஃபியூஸ் போகாமல் இருக்கும், டேஷ்போர்டுக்குப் பின்னால் வயரிங் உருகும். ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் அந்த சர்க்யூட்டின் பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை வயர் கட்டி மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அந்த பல்பு பளிச்சென்று எரியும். பின்னாலிருந்து வயரை அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தை அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் கோளாறு. பெரும்பாலும் சேஸ் ஓட்டையில் ரப்பர் புஷ் விழுந்து, தகட்டின் விளிம்பில் வயர் உரசிய இடமாகத்தான் இருக்கும்.

ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) பல்பு கேட்கிறார்கள். கம்பெனி கொடுப்பது 60/55. 60 வாட் இரண்டு எரிந்தால் 10 ஆம்பியர், 100 வாட் இரண்டு எரிந்தால் 16-க்கும் மேல். கம்பெனி வயரும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. முதலில் ஹோல்டர் பழுப்பாகும், பிறகு டிம்-டிப் சுவிட்ச் இளகும். உண்மையில் பழைய வண்டியில் வெளிச்சம் குறைவதற்குக் காரணம் பல்பு வரைக்கும் வோல்ட் வந்து சேராததுதான். பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். நல்ல வயரில் பேட்டரியிலிருந்து நேரே ஃபியூஸும் ரிலேயும் (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டுக் கொடுத்தால் அதே 60/55 பல்பு புதிதாக எரியும், எதிரே வருகிறவர் கண்ணும் பிழைக்கும்.

எதிரே வருகிறவர் என்றதும் இன்னொன்று. பல வண்டிகளின் டேஷ்போர்டில் ஹெட்லைட் படம் போட்டு 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருக்கும். அது எதற்கு என்று தெரியாமலே வண்டியை விற்றுவிட்டுப் போனவர்கள் அதிகம். பின்னால் லோடு ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கும், டிம்மில் ஓட்டினாலும் வெளிச்சம் எதிரே வருகிறவர் முகத்தில்தான் அடிக்கும். காலி வண்டிக்கு 0. லோடு ஏறியதும் 2 அல்லது 3-க்குத் திருப்ப வேண்டும். கருங்கல், புதுக்கடை பக்கத்து ஒடுக்கமான ரோடுகளில் இந்த ஒரு திருகு மட்டும் சரியாக இருந்தால் பாதிச் சண்டை வராது.

அடுத்தது நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது. மழை என்றால் போடுகிறார்கள். நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று காட்டவும் போடுகிறார்கள். பக்கத்து ரோட்டிலிருந்து வருகிறவருக்கு நாலும் தெரியாது, ஒரு பக்கம்தான் தெரியும். வண்டி தன் பக்கம் திரும்புகிறது என்று நினைத்து அவர் இறங்குவார். அந்த சுவிட்ச் நிற்கும் வண்டிக்கு உரியது. நேராகப் போக எந்த சிக்னலும் தேவையில்லை. மழைக்கு ஹெட்லைட்டை டிம்மில் போட்டால் பின்னால் சிவப்பும் எரியும், அது போதும். இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போய்விட்டது என்று அர்த்தம். எல்ஈடி மாற்றிய பிறகு வேகமாக அடித்தால் அது கரண்ட் குறைவாக எடுப்பதால் வருவது. இண்டிகேட்டரை மின்னவைக்கும் ஃப்ளாஷரை எலக்ட்ரானிக்காகப் போட்டால் சரியாகும்.

இங்கே இரண்டு மழைக்காலம் என்பதால் வைப்பரையும் விட முடியாது. சுவிட்சை அணைத்ததும் கண்ணாடியின் நடுவிலேயே வைப்பர் நின்றுவிட்டால் வைப்பரை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தும், மோட்டாருக்குள் இருக்கும் பார்க்கிங் பாயிண்ட் தேய்ந்திருக்கிறது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கை அசையாவிட்டால் இணைப்புக் கம்பி கழன்றிருக்கிறது. கண்ணாடியில் ஆவி படிந்தால் புளோவரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, காற்று வெளியிலிருந்து வருமாறு லீவரை மாற்றுங்கள், ஏசி இருந்தால் அதையும் போடுங்கள். மீன் பெட்டி தூக்கிய கையால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் படிந்து, எதிர் வெளிச்சத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகத்தான் தெரியும்.

மீட்டர் போர்டில் சாவி போட்டதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போடும்போதே பேட்டரி விளக்கு எரியவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். பல வண்டிகளில் அந்த விளக்கின் வழியாகப் போகும் கரண்ட்தான் டைனமோவை எழுப்பிவிடுகிறது (ஆல்டர்னேட்டரை நாம் இன்னும் டைனமோ என்றுதானே சொல்கிறோம்). ஓடும்போது அது எரிந்தால் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் அறுந்து, அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது என்றால் வண்டியை நகர்த்தக் கூடாது. ஆயில் கேன் படம் சிவப்பாக எரிந்தால் அடுத்த வளைவுவரை என்றெல்லாம் பேச்சில்லை, அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும். சுருள் கம்பி படம் டீசல் வண்டியில் ஸ்டார்ட் செய்யும் முன் எரியும், அது அணையும்வரை பொறுத்து செல்ஃப் அடித்தால் பேட்டரிக்கும் பாரம் குறையும்.

தடைக்காலத்தில்தான் டெக்கின் ஓட்டைகளுக்கு வெல்டிங் வைக்கிறார்கள். வைக்கட்டும், ஒழுகலை நிறுத்த அதுவே வழி. ஆனால் வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்ப்யூட்டர் கப்ளரையும் எடுத்துவிட வேண்டும். வெல்டிங் எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இதை விட்டால் டெக் அடைபடும், கம்ப்யூட்டர் போகும்.

கடைசியாகத் துறைமுக நிர்வாகங்களுக்கும் மீன்வளத்துறைக்கும் ஒரு வேண்டுகோள். லோடு இறக்கிய வண்டியைக் கடல் தண்ணீரிலோ கரையோரத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரிலோ கழுவினால் மேலே சொன்ன அத்தனை வேலையும் வீணாகிவிடும். ஏலக்கூடங்களின் அருகே, வடிகாலுடன், வண்டியின் அடிப்பக்கமும் கழுவும்படி நல்ல தண்ணீர் ஹோஸ் ஒன்று வையுங்கள். ரோட்டில் ஒழுகும் தண்ணீரும் அங்கேயே வடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
திங்கள்நகர்.