போகி வரைக்கும் பரண் காத்திருக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போகிக்கு முதல் நாள் பரணைக் காலி செய்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கடலூருக்கு அது சரிப்பட்டு வராது என்பது 2024 டிசம்பரில்தான் எனக்கு உறைத்தது.

ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் சேர்ந்து, தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. கூடத்தில் முழங்கால் அளவு. கைக்குக் கிடைத்ததைப் பரணில் ஏற்றலாம் என்று ஏணி போட்டால், அங்கே விரல் நுழைய இடமில்லை. அரசு கொடுத்த இலவச கலர் டி.வி., ஓடாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. அதன் அட்டைப்பெட்டி தெர்மாகோலோடு தனியாக. பெரியவன் டிப்ளமோ படித்த நோட்டுகள். ஐஸ்கிரீம் டப்பாக்கள். கல்யாண வீடுகளில் வாங்கி வந்த தாம்பூலப் பைகள். அப்புறம் எண்ணினேன், 112.

இவை ஒரு சொட்டு நனையவில்லை. பீரோவின் அடித்தட்டில் இருந்த வீட்டுப் பத்திரமும் சின்னவனின் டி.சி.யும் ஊறிப்போயின. பத்திரத்தைத் தாள் தாளாகப் பிரித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். காய்ந்தது. ஆனால் ஓரத்தில் மை பேனாவால் மாமனார் குறித்து வைத்திருந்த சர்வே எண் நீலத் திட்டாகிவிட்டது.

மெத்தைகள் வேறு. மாமியார் காலத்து இலவம்பஞ்சு மெத்தை மூன்று. யாரும் படுப்பதில்லை, 'விருந்தாளி வந்தால் ஆகும்' என்று கிடந்தவை. தண்ணீர் குடித்த பிறகு ஒன்றைத் தூக்க நான்கு ஆள் வேண்டியிருந்தது. சத்துணவு மையத்தில் கரண்டி வரைக்கும் இருப்புப் பதிவேட்டில் எழுதிக் கணக்குக் காட்டியவள் நான். என் வீட்டுக்கு அப்படி ஒரு பதிவேடு போட்டதே இல்லை.

யோசித்துப் பாருங்கள். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30. 2015 பெருவெள்ளம் நவம்பர், டிசம்பரில். எல்லாம் தை பிறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஆக, எங்கள் ஊருக்குப் பரண் சுத்தம் செய்யும் நாள் ஆயுத பூஜைதான், போகி அல்ல. பெருமழைக்கு முன்னால் பரண் காலியாக இருந்தால்தான் அரிசி மூட்டையும் ரேஷன் கார்டும் ஏற இடமிருக்கும். போகியன்று எரித்துப் புகையைக் கிளப்பும் வேலையும் மிச்சம்.

பித்தளை, எவர்சில்வர், பழைய பேப்பர் எல்லாம் வாசலிலேயே போய்விடும். சிக்கல் டி.வி.யும் மெத்தையும்தான். காயலான் கடைக்காரர் டி.வி.யைத் திறந்து செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, "படக்குழாய நீங்களே வச்சுக்கங்கம்மா" என்றார். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, வாய்க்காலில் வீசும் சாமான் இல்லை. மெத்தையைத் தினமும் வரும் குப்பை வண்டியில் போட முடியாது. எரித்தால் தெருவே இருமும்.

அதனால் மாநகராட்சிக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புரட்டாசியில் ஒரே ஒரு நாள், தெருவுக்குத் தெரு ஒரு லாரி அனுப்புங்கள். மெத்தை, உடைந்த கட்டில் தனியாகவும், டி.வி., மிக்சி போன்ற மின்சாமான்கள் தனியாகவும் வாங்கிக்கொள்ளட்டும். தேதியை ஒரு வாரம் முன்னதாக ஒலிபெருக்கியில் சொன்னால் போதும், மீதியை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வோம்.

என் வீட்டுப் பரணில் இப்போது இருப்பது ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு குடம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தக் காலி இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஏணியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கடலூர்.