செயலாளர் அறிக்கை 2024: முதலைப் பலகையும் மற்ற அலுவல்களும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் ஐயா அவர்களே, நேரத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் நாளைக்கு இதை வட்ஸ்அப்பில் வாசிக்கப்போகும் மற்ற உறுப்பினர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வழமையான விசயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல் விழா நடந்தது. வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் ஒழுங்காக வந்தன. சரஸ்வதி பூசை நடந்தது, கடலை போதவில்லை. சிரமதானம் ஒன்று நடந்தது, மண்வெட்டி பிடித்தவர்களை விடப் படம் எடுத்தவர்கள் கூட. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் என்று நிர்வாகசபைக் கூட்டங்கள் சில தள்ளிப்போயின.

சரி, இனி முதலைப் பலகை, அதாவது இலங்கையின் முதலைகளைப் பற்றி எழுதி வாசிகசாலையில் நாங்கள் தொங்கவிட்ட பலகை. போன கூட்டத்திலும் கேள்வி கேட்டார்கள், மதகில் இருந்தும் கதைக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை, செயலாளருக்கு ஏன் முதலை?" என்பதுதான் கேள்வி. ஆறு இல்லைத்தான். வழுக்கையாறும் மழைக்கு மட்டும் ஓடுகிறது, நாங்கள் எல்லாரும் கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்த ஆட்கள். பிரச்சினையே அதுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அங்கத்தைய பிள்ளைகளுக்கு எந்தக் கரையில் இறங்கக்கூடாது என்று தெரியும், எங்கள் பிள்ளைகள் குளத்தைக் கண்டவுடன் சேட்டைக் கழற்றிவிட்டுப் பாய்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2015இல் தேசியப் பூங்காவாக்கிய சுண்டிக்குளத்திலும் முதலை உண்டு.

பலகையில் உள்ளதை வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாட்டில் முதலை இரண்டு இனம். ஒன்று குளத்து முதலை, புத்தகங்களில் சதுப்புநில முதலை என்று போடுவார்கள். அகன்ற மூஞ்சி, நாலு மீற்றருக்கு மேல் வளர்வது குறைவு. உலர்வலயக் குளங்கள்தான் அதன் வீடு. எங்கள் பக்கத்தில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் இருந்து வில்பத்து, யால வரைக்கும் இருக்கிறது. கோடையில் குளம் வற்றினால் கரையில் வளை தோண்டிப் படுக்கும், இல்லாவிட்டால் தரையால் நடந்தே வேறு குளத்துக்குப் போகும். மற்றது உவர்நீர் முதலை. முத்துராஜவெல சதுப்பு, பொல்கொட, மாத்தறையில் நில்வளா கங்கை என்று பெரும்பாலும் மேற்கு, தெற்குப் பக்கம். ஐந்து மீற்றரைத் தாண்டும், கண்ணில் இருந்து மூக்குப் பக்கமாக இரண்டு வரம்பு ஓடும். குளத்து முதலை மண்ணில் கிடங்கு தோண்டி முட்டையிட, இது புல்லையும் சருகையும் குவித்துக் கூடு கட்டும். நில்வளாவில் குளிக்கிற துறைகளைச் சுற்றி வேலி அடித்து வைத்திருக்கிறார்கள். கடற்கரைப் பக்கம் பயமில்லை என்று ஒருவர் சொன்னார், 2017இல் அறுகம்குடாவுக்குப் பக்கத்தில் ஒரு பிரித்தானியப் பத்திரிகையாளரை முதலை இழுத்தது களப்பில். அந்தப் பக்கத்தில் ஒரு பாறைக்குப் பெயரே முதலைப் பாறை. இரண்டு இனமும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதையும் பலகையின் அடியில் போட்டிருக்கிறோம், அடிக்கக் கிளம்புகிற இளைஞர்கள் அந்த வரியை இரண்டு தரம் வாசிக்கவும்.

முதலை பார்க்கப் போன இரணைமடுப் பயணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் ஒரு ஹயஸ் வானை நிரப்பினார்கள். விடியப்புறம் வந்து நின்றவர்களுக்குப் பின்சீற்றே தேவைப்படவில்லை. ஒருவருக்கு மாமியாருக்குக் காய்ச்சல், ஒருவர் போனையே எடுக்கவில்லை. ஆள் குறைந்தால் வான் கூலி குறையாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வந்தவர்கள் நன்றாகப் பார்த்தார்கள். வெயில் ஏற அணைக்கட்டுப் பக்கம் ஒன்று வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது, செத்துப்போனது என்று ஒரு தம்பி கல்லை எடுத்தார். அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா அவரின் கையைப் பிடித்து, "சூடு ஆத்துது தம்பி, உனக்குத்தான் அது செத்தது" என்றார்.

அப்புறம், பலகையை ஏன் இரண்டு தரம் அச்சடித்தது என்ற கேள்வி. முதல் தரம் படம் போட்டுத் தந்த கடைக்காரர் இணையத்தில் எடுத்தது அமெரிக்க அலிகேற்றர். முதலை வாயை மூடினாலும் கீழ்த்தாடையின் நாலாவது பல் வெளியே தெரியும், அலிகேற்றருக்கு மேல்தாடை அகலம் என்பதால் கீழ்ப்பல் உள்ளே போய்விடும். அந்தப் படத்தில் கீழ்ப்பல் ஒன்றும் இல்லை. காட்டினேன். "எல்லாம் முதலைதானே அண்ணை" என்றார். இலங்கையின் முதலைகள் என்று தலைப்புப் போட்டு இலங்கையில் இல்லாத பிராணியைத் தொங்கவிட முடியுமா? கணக்கில் "ஏனைய செலவுகள்" என்று நிற்பது அந்தக் காசுதான்.

நவம்பர் கடைசி வெள்ளத்தில் குளங்கள் நிரம்பி வாய்க்கால் வழியாக முதலை வருமாம் என்று பயம் கிளம்பியபோது என் போன் ஓயவில்லை. வாசிகசாலைக்கு வந்து பலகையைப் படம் எடுத்து வன்னிச் சொந்தங்களுக்கு அனுப்பியவர்கள் யாரென்று பார்த்தால், மதகில் இருந்து கதைத்த அதே ஆட்கள்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கம் என்னவென்றால், வந்தது செலவாயிற்று, கொஞ்சம் மிச்சம். வெளிநாட்டு அன்பளிப்பு இல்லாவிட்டால் அந்தக் கொஞ்சமும் இல்லை. மாதம் 100 ரூபா சந்தா, ஒரு பிளேன்ரீயும் வடையும் கூட இப்போது அதற்கு மேல். திருவிழா உபயத்துக்கு அள்ளிக் கொடுக்கிறவர்கள் இதற்கு மட்டும் "மாத்தின காசு இல்லை" என்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். நிலுவைப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டவேண்டும் என்று ஒரு பிரேரணை வந்தது, இப்போதைக்கு நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வருசம் பலகையைச் சின்ன அளவில் அடித்து, சுற்றுலா போகிற பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க எண்ணம். காசு இருந்தால். செயலாளர் பதவிக்கு யாராவது முன்வந்தால் கூட்ட அறிக்கைப் புத்தகமும் அலுமாரித் திறப்பும் இன்றைக்கே தருவேன். ஆனால் போட்டியிடுகிறவர் சந்தா நிலுவை இல்லாதவராக இருக்கவேண்டும் என்று யாப்பில் இருக்கிறது, அப்படிப் பார்த்தால் தகுதியுள்ளவர்கள் முன்வரிசையில் பாதிதான்.

தலைவருக்கும், போஷகருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், பூசைக்குக் கடலை அவித்துத் தந்த அக்காமாருக்கும் நன்றி. இன்றைய கிம்புலா பணிஸ், அதுவும் முதலைப் பணிஸ்தான், என் சொந்தச் செலவு, கணக்கில் தேடவேண்டாம். பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருக்கிறார், 500 ரூபாத் தாளுக்கு மாத்தின காசும் வைத்திருக்கிறார்.