இருப்பறைக்கு ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அருங்காட்சியகங்களில் தன்னார்வலர்களைச் சேர்ப்பது பற்றிய உங்கள் கட்டுரை, அவர்களைப் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்பவர்களாக மட்டுமே பார்க்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போன்ற பெரிய இடத்தில் ஆள் அதிகம் தேவைப்படுவது காட்சிக்கூடத்தில் அல்ல, காட்சிக்கு வைக்காத பொருட்களைச் சேமிக்கும் இருப்பறையில். 1851இல் தொடங்கிய நிறுவனம் அது. செப்புத்திருமேனிகள், ஆதிச்சநல்லூர் அகழாய்வுப் பொருட்கள், நாணயங்கள், பாடம் செய்த விலங்குகள் என இத்தனையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நம் கண்ணில் படுவது அதில் ஒரு பகுதிதான். 2011இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இக்ரோமும் யுனெஸ்கோவும் 136 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பு, இருப்பறைகளில் உள்ள சேகரிப்புகளில் சுமார் 60 சதவீதம் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது.

தன்னார்வலர்கள் உடனே இறங்கக்கூடிய வேலை, பொருளைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கும் இருப்புச் சரிபார்ப்பு. மண்ணுக்கடியில் கிடைக்கும் திருமேனி, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் வழியாக அருங்காட்சியகத்துக்கு வருகிறது. எந்த ஊரில் கிடைத்தது, உடன் என்னென்ன இருந்தன என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தையும் பொருளையும் இணைப்பது பதிவு எண் ஒன்றே. எண் உரிந்து போனால் அது ஊர் பெயர் தெரியாத இன்னொரு சிலை, அவ்வளவுதான். பதிவின் மதிப்பு தெரிய வேண்டுமானால், கோயிலிலிருந்து திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராசரை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்து வைத்த நிழற்படங்கள் இல்லாவிட்டால், 2014இல் அவரை ஆஸ்திரேலியாவிலிருந்து மீட்டது இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

எண் எழுதுவதிலும் முறை உண்டு. செதுக்கோ எழுத்தோ இல்லாத, காட்சிக்கு வைத்தால் தெரியாத இடத்தில் பாரலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்து ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் நிறமி மையால் எண்ணை எழுதி, மேலே இன்னொரு காப்புப் பூச்சு. அவசரப்பட்டால் மை கலங்கும். அடிப்பூச்சு இல்லாமல் சுடுமண்ணில் எழுதினால் மை உள்ளே ஊறிப்போகும், பிறகு எடுக்கவே முடியாது. நகப்பூச்சு மஞ்சளாகி உரியும், ஒட்டுநாடா பசையை விட்டுப் போகும். சென்னையின் புழுக்கத்தில் இன்னொரு தொல்லை: அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது ஈரம் படிந்து பூச்சு வெளுத்துவிடும். மழைக்காலத்தில் ஈரப்பதம் குறைத்த அறையில்தான் இதைச் செய்ய வேண்டும்.

பொருளைத் தூக்குவதைக் கற்றுத்தராமல் யாரையும் உள்ளே விடக்கூடாது. திருமேனியைக் கையைப் பிடித்தோ திருவாசியைப் பிடித்தோ தூக்குவது முறிவுகளுக்குக் காரணமாகும். பீடத்தைத் தாங்கி, இரு கைகளால், கனமானால் இருவராகத் தூக்க வேண்டும். துணிக் கையுறை வழுக்கும், நைட்ரைல் கையுறைதான் சரி. மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் வெளியே கழற்றி வைத்துவிட வேண்டும்.

வாரந்தோறும் பூச்சிக் கணக்கு எடுப்பதும் தன்னார்வலர்களுக்கு ஏற்றது. பசைப்பொறிகளைச் சுவரோரத்திலும் கதவருகிலும் வைத்து, ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் குறித்து, ராமபாணப் பூச்சி எத்தனை, தோல் வண்டு எத்தனை என்று வரைபடத்தில் பதிவது. அறை நடுவில் வைத்த பொறி எதையும் சொல்லாது. நிரம்பிய பொறியை மாற்றாமல் விட்டால் செத்த பூச்சிகளே தோல் வண்டுக்கு இரையாகும். அந்துருண்டையைக் கொட்டி வைப்பதைவிட இந்தக் கணக்கு பல மடங்கு பயன் தரும். அந்துருண்டை வாசம் ஆளின் உடம்புக்கும் கெடுதல்.

எதைத் தொடக்கூடாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பழைய பாடம் செய்த விலங்குகளில் ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்த சோப்பு பூசுவது அந்தக் காலத்து வழக்கம். தையலோரத்தில், கண்ணைச் சுற்றி வெள்ளைத் துகள் தெரிந்தால் தூசி என்று தட்டிவிடவே கூடாது.

செப்புத்திருமேனியின் பெரிய எதிரி குளோரைடு உப்பு. மண்ணுக்குள் கிடந்தபோது ஏறியது, ஈரமும் காற்றும் சேர்ந்தால் மீண்டும் கிளம்பி உலோகத்தை அரிக்கும். நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சை கெட்டியாக ஒட்டியிருக்கும். நோய்ப் பச்சை வெளிறி, தூளாக உதிர்ந்து, அலமாரித் தட்டில் கிடக்கும். தன்னார்வலர் அதைத் துடைக்காமல் அளவுகோலுடன் படம் எடுத்து, தேதியிட்டு, அன்றே வேதியியல் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கழுவிய நீரில் குளோரைடு மிச்சம் உண்டா என்று சில்வர் நைட்ரேட்டால் சோதிப்பதெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் வேலை. 1930களிலேயே வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் திருமேனிகளைச் சீர்செய்த ஆய்வகம் எழும்பூருடையது, அந்த அறிவு அங்கேயே இருக்கிறது. பொருளை அங்கே கொண்டுசேர்க்கக் கண்ணும் குறிப்பேடும்தான் வேண்டும். ஈரப்பதக் குறிப்பும் அப்படியே: பகலில் குளிரூட்டியை ஓட்டி மாலையில் நிறுத்தினால் இரவில் ஈரப்பதம் எவ்வளவு ஏறுகிறது என்பதை, தொடர்ந்து பதிவெடுத்தால்தான் காட்ட முடியும்.

இருப்பறையை ஒழுங்குபடுத்துவதற்கான இக்ரோமின் ரீ-ஆர்க் முறையில் எளிய சோதனைகள் உண்டு. எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடிகிறதா? இரண்டுக்கு மேல் வேறு பொருளை நகர்த்தாமல் எடுக்க முடிகிறதா? தன்னார்வலர்களைச் சேர்க்கும் எந்த அருங்காட்சியகமும் முதல் மாதம் இந்த இரண்டை மட்டும் ஒரே ஓர் அறையில் செய்து பார்க்கலாம். அதற்கு வாரம் ஒரு அரைநாள், ஒரு காப்பாட்சியரை வேறு வேலை தராமல் ஒதுக்க வேண்டும். ஒருநாள் கூட்டமாக வந்து போகும் முப்பது பேர் வேண்டாம். ஆறு மாதம் விடாமல் வரும் ஐந்து பேர் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை